ஏழாவது கட்டம்

'விபத்து நடந்த இடம்' என்று அச்சடித்திருக்கும்.
ஒரு விரல் அகலம்.
அதற்குள் ஒரு தெருவை எழுதவேண்டும்.

பதினொரு வருடமாக
அம்பத்தூர் எஸ்டேட் கொட்டகையில்
அடிபட்ட வண்டிகளைப் படம்பிடிக்கிறேன்,
இன்சூரன்ஸ் கம்பெனிக்காக.
ஓட்டியவர் ஒன்று சொல்வார்,
வண்டி வேறொன்று சொல்லும்.
நான் வண்டியை நம்புகிறவன்.

இரண்டு கண்ணாடியும் போய்
ஹேண்டில் மடங்கியிருந்தால்
பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே
புகுந்து பார்த்திருக்கிறார்.
டேங்கின் இடப்பக்கம் ஒரே கீறல்,
அதில் யாருடையதோ வெள்ளை பெயிண்ட் என்றால்
நின்ற காரின் கதவு திடீரெனத் திறந்திருக்கிறது.
சைடு ஸ்டாண்டின் நுனி மட்டும் மழுங்கியிருந்தால்
மடக்க மறந்து இடப்பக்கம் திரும்பியவர்.
எல்லோரும் ஒருநாள் மறக்கிறோம்.

ஃபுட்ரெஸ்ட் ரப்பரில்
மணல் இன்னும் ஒட்டியிருக்கும் வண்டிகள்
ஈ.சி.ஆர். வளைவிலிருந்து வருகின்றன.
காற்று இரவோடிரவாகப் பரப்பிய மணல்.
போரூரிலிருந்து வருபவை
மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகட்டில் சறுக்கியவை.
கொட்டும் மழையில் அல்ல,
அப்போது எல்லோரும் பயந்து ஓட்டுகிறார்கள்.
தூறல் தொடங்கிய முதல் பத்து நிமிஷம்,
ரோட்டில் கிடந்த ஆயில் எல்லாம் எழுந்துகொள்ளும் நேரம்.

மணலி ரோட்டில் கன்டெய்னர் ஓட்டும் யாகூப்
ஒருமுறை டீ குடித்தபடி சொன்னார்:
"என் கண்ணாடி உனக்குத் தெரியலன்னா
நீ எனக்குக் கிடையாது."
அதற்குப்பின் எந்த லாரிக்கும்
இடப்பக்கம் நான் கிடையாது.

ஆனால் ஏழாவது கட்டத்தில்
மணலியும் ஈ.சி.ஆரும் குறைவு.
நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள்:
வீட்டாண்ட சார்.
எங்க தெரு முனைதான் சார்.
ஜிம்முக்கு எதிர்ல, ரெண்டு நிமிஷ தூரம்.
பரோட்டா வாங்கத்தான் போனேன்.
கிண்டி கத்திப்பாராவில் நாலு பக்கமும் பார்த்து
வேர்த்து விறுவிறுத்து வந்தவர்கள்
சொந்தத் தெருவில் திரும்பும்போது
இண்டிகேட்டர் போடுவதில்லை.
அந்தத் தெரு தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள்.
தெருவுக்கு இவர்களைத் தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை
காசிமேட்டிலிருந்து லூர்துமேரி வந்தார்.
வண்டியில் பெரிய அடி எதுவுமில்லை.
பின்சக்கரத்தின் கம்பிகளில் மட்டும்
ஊதாநிற நூல்கள் சுற்றிக் கிடந்தன.
சேலை கார்டு இருந்த இடத்தில்
இரண்டு திருகாணி ஓட்டை.
"ஸ்டைலா இல்லன்னு பையன் கழட்டிப் போட்டான்" என்றார்.
பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் தங்கை.
ஹெல்மெட் இருந்ததா என்று கேட்டேன்.
கேட்காமல் இருக்க முடியாது, அது ஒன்பதாவது கட்டம்.
"ரெண்டு இருக்குது சார்.
தங்கச்சிது புதுசு.
கவர்கூடப் பிரிக்கல."

நான் கேமராவின் மூடியைத்
தேவையில்லாமல் இரண்டுமுறை துடைத்தேன்.

நேற்று இரவு பத்தேகாலுக்கு
மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு.
மருந்துக்கடை எங்கள் தெருவின் கோடியில்.
சாவியோடு கீழே இறங்கி
வண்டியை உருட்டித் திருப்பியும் விட்டேன்.
அப்புறம் ஸ்டாண்ட் போட்டு
இரண்டு மாடி ஏறினேன்.
பூட்டிய கதவைத் திரும்பத் திறந்தேன்.
அடுத்த வீட்டுப் பிரபாகர ராவ் படியில் நின்று
"முக்குக் கடைக்குப் போக கவச குண்டலமா?" என்றார்.
நானும் சிரித்துவைத்தேன்.
தாடைக்கடியில் கொக்கி
டிக்கென்று விழும்வரை அழுத்தினேன்.

தெரு முனையில் விளக்கு எரியவில்லை.
இருட்டில் இருட்டாக
ஒரு எருமை குறுக்கே நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
ஹாரன் அடிக்கவில்லை.
கால் ஊன்றி நின்றேன்.
அதற்கு அவசரமில்லை.
எனக்கும் இல்லை.